சூனியக்காரி என்னும் பழி

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பீகார் மாநிலத்துப் பூர்ணியா மாவட்டத்தைச் சேர்ந்த டெட்கமா என்னும் சிற்றூரில், ஒரு குழந்தை நோயுற்று இறந்ததற்கும் மற்றொரு குழந்தை படுத்த படுக்கையாய்க் கிடந்ததற்கும் ஒரு வீட்டுப் பெண்கள் செய்த சூனியமே காரணம் என்று ஊரார் முடிவு கட்டி, அவ்வீட்டைச் சேர்ந்த ஐந்து பேரை அடித்து எரித்துக் கொன்றார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. படித்தவர்கள் அனைவரும், ‘இந்தக் காலத்திலுமா இப்படி?’ என்று ஒரே குரலில் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலுள்ள வேதனை உண்மையானது. எனக்கும் அது உண்டு. ஆயினும் அக்கேள்விக்குள் பிழையான அபிப்பிராயம் ஒன்று மறைந்திருக்கிறது. மூடநம்பிக்கை பழைய காலத்தின் மிச்சம் என்றும், காலம் செல்லச் செல்லக் கல்வியும் விஞ்ஞானமும் பரவ, அது தானே தேய்ந்து மறையும் என்றும், அதுவரை பொறுத்திருப்பதன்றி நாம் செய்யக்கூடியது அதிகமில்லை என்றும் நம்மை எண்ணச் செய்வது அந்த அபிப்பிராயமே. இந்தப் பொறுமைதான் பல உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது என்பது என் துணிபு. ஆகவே, இவ்விஷயத்தின் வரலாற்றையும், அதன் இன்றைய இயல்பையும், அது எங்கே எவ்வாறு ஒடுங்கியது என்பதையும் சற்று நின்று ஆராய்வது அவசியமாகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், கொலைக்கான நோக்கங்களை வகை பிரித்துக் காட்டும் அட்டவணையில், சூனியத்துக்கென்றே ஓர் இனம் உண்டு. 2022-இல் அதன்கீழ் 85 கொலைகள் பதிவாகியிருக்கின்றன. 2000 முதல் 2012 வரையிலான ஆண்டுகளைக் கூட்டினால் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. கொலையில் முடியாமல், அடி உதை, நிர்வாண ஊர்வலம், மலத்தைத் தின்னச் செய்தல், ஊரைவிட்டு விரட்டுதல் என்ற அளவில் நின்றுபோனவை இக்கணக்கில் வருவதில்லை. இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய இழிவும் அன்று. கானா நாட்டின் வடபகுதியில், கம்பாகா முதலிய ஊர்களில், இப்பழி சுமத்தி விரட்டப்பட்ட மூதாட்டிகளுக்கென்று தனிக் குடியிருப்புகளே இருக்கின்றன. பப்புவா நியூ கினியில், கொன்றவன் தான் கொன்றது சூனியக்காரரையே என்று நம்பியிருந்தால் அவனுடைய குற்றத்தின் கனத்தைக் குறைக்க இடம் தந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 2013-இல் ஓர் இளந்தாய் பலர் பார்த்திருக்க எரிக்கப்பட்ட பின்னரே நீக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை இதுபற்றித் தனியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதற்கு 2021-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

ஐரோப்பாவின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அங்கே சூனியக்காரிகள் எரிக்கப்பட்டது இருண்ட இடைக்காலத்தில் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம், உண்மை அதுவன்று. அந்த வேட்டை உச்சத்தை அடைந்தது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும். அதாவது அச்சு இயந்திரம் பரவி, பல்கலைக்கழகங்கள் பெருகி, வானியல் புதுப்பிறவி எடுத்த காலத்தில். ஏறத்தாழ நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை எரித்தவர்கள் எழுத்தறியாத கும்பல்கள் அல்லர். சட்டம் பயின்ற நியாயாதிபதிகள், முறைப்படி விசாரணை நடத்தி, வாக்குமூலம் எழுதி வாங்கி, தீர்ப்பு வழங்கி எரித்தார்கள். கல்வி வந்தால் போதும் என்பவர்கள் இந்த உண்மையின் முன் சற்றுத் தயங்க வேண்டும்.

கிரகங்களின் பாதையைக் கணித்த யோஹான்னஸ் கெப்ளரின் தாயாரே இந்தப் பழிக்கு ஆளானவர். ஜெர்மனியில் லியோன்பெர்க் என்னும் சிறு நகரத்தில் வாழ்ந்த விதவையான கதரீனா கெப்ளர் மீது, அவர் கொடுத்த பானத்தைக் குடித்ததால் தான் நோயாளியானதாக 1615-இல் அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி குற்றம் சாட்டினாள். ஒருத்தி சொன்னதும் ஊரில் ஒவ்வொருவருக்கும் பழைய நோயும் பழைய மனத்தாங்கலும் நினைவுக்கு வரத் தொடங்கின. 1620-இல் எழுபது வயது கடந்த அம்மூதாட்டியைக் கைது செய்து சங்கிலியில் பிணைத்தார்கள். பதினான்கு மாதம் சிறையில் கிடந்தார். மகன், தம் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, லின்ஸ் நகரிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு வந்து, தாயின் வழக்கைத் தாமே எடுத்து நடத்தினார். ஒவ்வொரு சாட்சியும் சொன்னதைத் தனித்தனியே பிரித்து, இந்த நோய் எப்போது தொடங்கியது, அதற்கு இயற்கையான காரணம் என்னவாக இருக்கக்கூடும், இந்தச் சாட்சி முன்பு ஒன்றும் இப்போது வேறொன்றும் சொல்வது ஏன் என்று நுணுகி ஆராய்ந்து அவர் தயாரித்த எதிர்வாதம் மிக நீண்டது. இறுதியில் சித்திரவதைக் கருவிகளை அம்மூதாட்டியின் கண்முன் காட்டி அச்சுறுத்தியபோதும் அவர் செய்யாத குற்றத்தை ஒப்பவில்லை. 1621 அக்டோபரில் விடுதலையானார். சில மாதங்களிலேயே இறந்தும் போனார். இதில் நான் கவனித்துச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. உலகில் சூனியமே கிடையாது என்று கெப்ளர் வாதிக்கவில்லை. இந்தப் பெண் இதைச் செய்தாள் என்பதற்குப் பிரமாணம் எங்கே என்றுதான் கேட்டார். வழக்கை வென்றது அந்தக் கேள்வியே.

இதே கேள்வியை ஓர் அரசின் வழக்கமாகவே ஆக்கிய மனிதர் ஒருவர் இருந்தார்; அவர் யாரும் எதிர்பாராத இடத்தில், ஸ்பெயினின் சமய விசாரணை மன்றத்திலேயே இருந்தார் என்பது நம் எண்ணத்தைக் கிளறும் செய்தி. லோக்ரோன்யோ நகரத்து மன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் இளையவரான அலோன்சோ தே சலசார் ஃபிரியாஸ் என்பவர்தாம் அவர். 1610 நவம்பரில் அந்நகரில் நடந்த பெருந்தண்டனைச் சடங்கில் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். சிறையிலேயே மாண்டுபோன ஐவரின் உருவங்களும் உடன் எரிக்கப்பட்டன. அத்தீர்ப்பில் கையெழுத்திட்டவர்களில் சலசாரும் ஒருவர். ஆனால் அவருடைய உள்ளத்தில் சந்தேகம் புகுந்துவிட்டது. மறுஆண்டு மே மாதத்தில், குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்னும் அறிவிப்போடு அவர் பாஸ்க் மலைநாட்டுக்குப் புறப்பட்டு, மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினார். தாங்களே சூனியக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு அவர்முன் வந்தவர்கள் 1,802 பேர். அவர்களில் 1,384 பேர் குழந்தைகள்.

அவர்கள் சொன்னதைச் சலசார் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை, சோதித்தார். இரவில் கூடிச் சாத்தானை வழிபடுவதாகச் சொல்லப்பட்ட இடத்துக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துச் சென்று, எங்கே அமர்ந்தீர்கள், எவ்வழியாக வந்தீர்கள் என்று கேட்டபோது, ஒருவர் சொன்னதற்கு மற்றொருவர் சொன்னது முரணாக இருந்தது. கூட்டம் நடந்ததாகச் சிலர் சத்தியம் செய்த அதே இரவில், அவருடைய எழுத்தர்கள் அந்த இடத்திலேயே காவல் இருந்தும் ஒருவரையும் காணவில்லை. காற்றில் பறக்க உதவும் களிம்பு என்று கொண்டுவந்து கொடுக்கப்பட்ட இருபத்திரண்டு சட்டிகளில் இருந்ததை மருத்துவர்களைக் கொண்டு பரிசோதித்து, விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில், அது எந்தத் தீங்கும் செய்யாத வெறும் கலவை என்பது தெளிந்தது. அதிகாரிகளின் நெருக்குதலுக்கு அஞ்சிக் கையில் கிடைத்ததைக் குழைத்துக் கொடுத்ததாகக் கொடுத்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். சூனியம் ஒன்று உண்மையில் நடந்தது என்று கொள்வதற்கு ஓர் ஆதாரமும் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், இந்த விஷயத்தைப் பிரசங்கத்திலும் ஏட்டிலும் பரப்பத் தொடங்கிய பிறகே ஊர்களில் இந்தப் பீதி தோன்றியது என்றும் அவர் மாட்ரிட் தலைமைச் சபைக்கு எழுதினார். உடன் இருந்த நீதிபதிகள் இருவரும் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும் 1614-இல் தலைமைச் சபை அவர் பக்கம் நின்று, இனி இத்தகைய வழக்குகளில் எவ்வகைச் சாட்சியத்தை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்று விதிகளை வகுத்தது. ஜெர்மானிய நாடுகளில் தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அதே பதினேழாம் நூற்றாண்டில், சமய விசாரணை மன்றத்தின் தீர்ப்பால் சூனியத்துக்காக மனிதரை எரிப்பது ஸ்பெயினில் அநேகமாக நின்றுபோயிற்று.

பாஸ்க் மலைநாட்டு ஜனங்கள் 1614-இல் சூனியத்தை நம்புவதை விட்டுவிடவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் நம்பியே வாழ்ந்தார்கள். பிரான்சில் பாரிஸ் உயர்மன்றம் கீழ்மன்றங்களின் மரண தண்டனைகளைத் தானே மறுவிசாரணை செய்யத் தொடங்கியபோதும், இங்கிலாந்தில் 1736-ஆம் ஆண்டுச் சட்டம் சூனியம் செய்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, சூனிய சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கியபோதும், கிராமத்து மனம் மாறிவிட்டிருக்கவில்லை. எங்கே மேலிடம் பிரமாணம் கேட்கவில்லையோ, அங்கே வேட்டை நீடித்தது. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் நகரில் அன்னா கோல்டி என்னும் பணிப்பெண்ணின் தலை கொய்யப்பட்டது 1782-இல். அவர் குற்றமற்றவர் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது 2008-இல். நம்பிக்கை கரைவதற்கு நூற்றாண்டுகள் ஆகலாம். ஆனால் அந்த நம்பிக்கையைக் கொண்டு ஒருவரை அடிக்கவும் எரிக்கவும் இயலாதபடி செய்வதற்கு, அதிகாரத்தில் இருப்பவர்கள் உறுதியோடு ஆதாரம் கேட்பது போதும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, முதலாவது நடந்த பிறகே இரண்டாவது நடக்கும் என்று காத்திருப்பதைத்தான் நான் பெரும் பிழை என்கிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர் பீடபூமியில் ஒரு வீட்டில் காய்ச்சல் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையம் தொலைவில் இருக்கிறது. அங்கே போனாலும் மருத்துவர் இருப்பார் என்ற நிச்சயமில்லை. ‘ஓஜா’ என்னும் மந்திரவாதியோ அருகில் இருக்கிறார். அவர் சால் மரத்து இலையில் எண்ணெய் தடவி, அதில் தோன்றும் கோடுகளையும் திட்டுகளையும் நோக்கி, இந்நோய் தெய்வக் குற்றமா, மனிதர் செய்த தீங்கா என்று சொல்கிறார். மனிதர் செய்தது என்று சொன்னால், எந்தத் திசையிலிருந்து, எந்த வீட்டிலிருந்து என்ற கேள்வி எழுகிறது. விடையாகச் சுட்டப்படுபவள் பெரும்பாலும் ஒரு பெண், அவளும் பலகால் விதவை. மகனில்லாதவளாகவோ, மகன் சிறுவனாக உள்ளவளாகவோ இருப்பாள். கோவிந்த் கேல்கர், தேவ் நாதன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வந்த காரணம் ஒன்று இங்கே இருக்கிறது. சந்தால், ஹோ முதலிய சமூகங்களின் வழக்கப்படி, கணவனை இழந்தவள் தன் ஆயுள் உள்ளவரை அவனுடைய நிலத்தை அனுபவிக்கலாம். அதன்பின் அது கணவனின் ஆண் பங்காளிகளுக்குப் போய்ச் சேரும். அவள் உயிரோடு அவ்வூரில் இருக்கும் வரையில்தான் அவர்களுக்குத் தடை. அவள் சூனியக்காரி என்றாகி ஊரைவிட்டு ஓடினாலோ, கொல்லப்பட்டாலோ, தடை நீங்குகிறது. இது பழங்குடியினரின் இயல்பான குணம் என்று எவரேனும் சொன்னால் அது மற்றோர் அநீதி. பழங்குடியல்லாத சாதிகளிலும், பீகாரிலும் ராஜஸ்தானிலும் சத்தீஸ்கரிலும் இதே பழி இதே வகைப் பெண்கள் மேல் விழுகிறது.

எல்லா வழக்குக்கும் நிலமே காரணம் என்று சொல்லிவிட்டால் விஷயம் எளிதாகிவிடும். ஆனால் அது முழு உண்மையாகாது. குழந்தையைப் பறிகொடுத்த தாய் தகப்பனின் துக்கம் பாசாங்கு அன்று. டான்சானியாவின் மேயாட்டு மாவட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் எட்வர்ட் மிகேல், மழை பொய்த்தோ மிகையாகப் பெய்தோ விளைச்சல் கெட்ட ஆண்டுகளில் சூனியக்காரி என்று சொல்லி மூதாட்டிகளைக் கொல்வது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்றும், கொன்றவர்கள் பெரும்பாலும் சொந்த உறவினரே என்றும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். உணவு குறைகையில் உழைக்கவியலாத வாய் சுமையாகிறது. அந்தச் சுமையை இறக்குவதற்கு மனச்சாட்சி ஒரு காரணம் தேடுகிறது. முதியோருக்கு ஓய்வூதியம் கொடுத்தால் இக்கொலைகள் குறையக்கூடும் என்பது அவர் முன்வைத்த யோசனை. மாதந்தோறும் சிறிது பணம் கொண்டுவரும் பாட்டி குடும்பத்துக்கு வேண்டியவள் ஆகிறாள். நினைக்கவே நெஞ்சு பதைக்கும் உண்மை இது, ஆயினும் உண்மை.

அசாமின் கோல்பாரா மாவட்டத்தைச் சேர்ந்த பீருபாலா ராபா கற்றது வேறொரு பாடம். மகனுக்கு வந்த நோய்க்கு அவர் ஓஜாவிடமே சென்றார். மகன் மூன்று நாளில் இறந்துவிடுவான் என்று ஓஜா சொல்லியனுப்பினார். மகன் இறக்கவில்லை. பீருபாலா, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்தக் கிராமத்துப் பெண், தாம் கண்ட பிரத்தியட்சத்தைப் பிரமாணமாகக் கொண்டு ஓஜாக்களை எதிர்க்கத் தொடங்கி, ஊர் விலக்கையும் பொருட்படுத்தாமல் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றினார். ஜார்க்கண்டின் சுட்னி மகதோ, 1995-இல் தாமே இப்பழிக்கு ஆளாகி, அபராதம் விதிக்கப்பட்டு, அடித்து அவமானப்படுத்தப்பட்டு, குழந்தைகளோடு ஊரைவிட்டு ஓடியவர். பிற்காலத்தில் தம்மைப் போன்ற பெண்களுக்குப் புகலிடமாக விளங்கினார். 2021-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பீருபாலாவின் இடையறாத உழைப்பின் பயனாக அசாம் சட்டசபை 2015-இல் நிறைவேற்றிய கடுமையான சட்டம், 2018-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

மற்ற சட்டங்களைப் பார்த்தால் மனம் சோர்கிறது. இவ்வகையில் முன்னோடியான பீகாரின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஜார்க்கண்ட் 2001-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று பெயர் சுட்டுபவனுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம்; அவளைத் துன்புறுத்துபவனுக்கு ஆறு மாதம், அல்லது இரண்டாயிரம் ரூபாய்; சூனியத்தை எடுக்கிறேன் என்று அவளை வதைக்கும் ஓஜாவுக்கு ஓராண்டு. ஒரு துண்டு நிலத்தின் விலையோடு இந்த ஆயிரம் ரூபாயை ஒப்பிட்டால் சட்டம் யாரைத் தடுக்கும் என்பது விளங்கும். தண்டனையின் அளவைவிடப் பெரிய குறை, கொலை நிகழும் முன் பல நாள் ஊர் அறியப் பழி பேசப்பட்டும், அபராதம் விதிக்கப்பட்டும், காவல் நிலையத்தில் அது ஊர்ச் சண்டையாகக் கருதப்படுவது. சலசார் கேட்ட கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டியவர் அந்தக் காவல் நிலையத்து உத்தியோகஸ்தர், அவர் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைத் தூரத்து விவகாரமாகப் படிப்பவர்கள் ஏர்வாடியை நினைத்துக்கொள்ள வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடித் தர்காவின் அருகே, மனநோயைப் பேய் பிடித்ததென்று நம்பி அழைத்துவரப்பட்டவர்களை, தனியார் சிலர் கொட்டகை போட்டுக் காசு வாங்கிக்கொண்டு அடைத்து வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது பேய் பற்றிய நம்பிக்கை மட்டும் அன்று. அந்த நம்பிக்கையை வாடகைக்கு விட்டவர்களும், மாவட்டங்களில் மனநல மருத்துவத்துக்கு வழி செய்யாத அரசும், சங்கிலியைப் பார்த்தும் கேள்வி கேட்காமல் கடந்துபோன நாமும் அதில் பங்காளிகள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, பிரார்த்தனைக்கு வருவதை யாரும் தடை செய்யவில்லை, தடை செய்யவும் வேண்டியதில்லை.

நம்பிக்கைக்கும் அதன் பேரில் செய்யப்படும் கொடுமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மகாராஷ்டிரத்தில் நரேந்திர தபோல்கர் மிகத் தெளிவாக உணர்ந்திருந்தார். மருத்துவராகிய அவர் 1989-இல் மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதியைத் தொடங்கி, ஒரு சட்டத்துக்காகப் பல்லாண்டுகள் போராடினார். அவர் கோரிய சட்டம் கடவுளை நம்புவதையோ வழிபடுவதையோ தொடவில்லை. பேய் ஓட்டுவதாக அடிப்பது, அற்புத சக்தி காட்டிப் பணம் பறிப்பது, நரபலி கொடுப்பது போன்ற செயல்களை ஒவ்வொன்றாக வகுத்துச் சொல்லி, அவற்றையே குற்றமாக்கியது. 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடையின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உயிரோடு இருந்தவரைக்கும் நிறைவேறாத சட்டம், அவர் மறைந்த சில நாட்களில் அவசரச் சட்டமாகவும், அதே டிசம்பரில் முழுச் சட்டமாகவும் வந்தது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அரசியல் சாசனத்தில் எழுதி வைத்திருக்கும் தேசத்தில், அக்கடமையைச் செய்த மனிதருக்கு நேர்ந்த கதி இது.

குடிமகனின் கடமையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அரசின் கடமையைப் பற்றியும் பேசியாக வேண்டும். அதில் தலையானது நிலம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு பழங்குடியினரை விலக்கி வைத்திருக்கிறது. சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் ஆண் வழிக்கே நிலத்தைக் கொடுப்பதை எதிர்த்து வந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-இல் அந்த விதிகளை ரத்துச் செய்யவில்லை; ஜீவனத்துக்கு அந்நிலத்தையே நம்பியிருக்கும் பெண்கள் அதில் தொடர்ந்து இருக்கலாம் என்ற அளவில் நின்றது. 2022 டிசம்பரில், பழங்குடிப் பெண்களுக்கும் சமபங்கு கிடைக்கச் சட்டத்தைத் திருத்துவதை ஆராயும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலை 17 அன்று, சத்தீஸ்கரைச் சேர்ந்த கோண்டுப் பெண்ணொருவரின் பிள்ளைகள் தங்கள் தாய்வழிப் பாட்டனார் நிலத்தில் பங்கு கேட்ட வழக்கில் அது தீர்ப்பளித்தது. பெண்ணுக்குப் பங்கு உண்டு என்னும் வழக்கத்தை அவர்கள் நிரூபிக்கவில்லை என்று சொல்லிக் கீழ் நீதிமன்றங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தன. பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற வழக்கம் எங்கே நிரூபிக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் திருப்பிக் கேட்டு, அவர்களுக்குச் சமபங்கு அளித்தது. அத்தீர்ப்பு வந்த பின்னரும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவு நீங்கிவிடவில்லை. ஆகவே பங்காளிகள் மறுத்தால், ஒவ்வொரு பெண்ணும் தன் பங்குக்காகத் தனியே நீதிமன்றப் படி ஏற வேண்டியவளாகவே இருக்கிறாள்.